கிராண்ட் கேன்யன் முதல் மோவாப் வரை: காசில்லாமல் இரவு தங்க எங்கே, எப்படி

கேள்வி இது: அக்டோபரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸிலிருந்து மினிவேனில் கிளம்பி கிராண்ட் கேன்யன், பேஜ், மானுமென்ட் வேலி, யூட்டா மாநிலத்து மோவாப் என்று ஒரு வாரம் சுற்ற வேண்டும். இரண்டு பிள்ளைகள் உடன் வருகிறார்கள். பூங்காக்களுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகள் எல்லாம் நிறைந்துவிட்டன. "அந்தப் பக்கம் எங்கு வேண்டுமானாலும் டென்ட் போட்டுக்கொள்ளலாம், காசே வேண்டாம்" என்று நண்பர்கள் சொல்வது உண்மையா? ராத்திரி போலீஸ் வந்து எழுப்புவார்களா? பிள்ளைகளோடு இது சரிப்படுமா?

எங்கு வேண்டுமானாலும் என்பது மட்டும் தவறு. மற்றபடி உங்கள் பாதையில் சட்டப்படியே, முன்பதிவும் கட்டணமும் இல்லாமல் தங்க நல்ல இடங்கள் உண்டு. அவை எவை என்பதை ஒரே ஒரு விஷயம்தான் முடிவு செய்கிறது: நீங்கள் நிற்கும் நிலம் யாருடையது. அதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்களைத்தான் நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்புகிறார்கள்.

அமெரிக்க மேற்கில் ஏராளமான நிலம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. அதில் நில மேலாண்மைத் துறை, அதாவது எல்லோரும் பி.எல்.எம். என்று சொல்வது, ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறது. வனத்துறையின் கீழ் சுமார் 19.3 கோடி ஏக்கர். இந்த இரண்டிலும், தடை என்று பலகை இல்லாத இடங்களில், ஏற்கெனவே வண்டிகள் நின்று தேய்ந்த தரையில் பொதுவாக 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். இதை டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்கிறார்கள். தண்ணீர், கழிப்பறை, குப்பைத்தொட்டி, மேசை எதுவும் இருக்காது. தேசியப் பூங்கா அப்படியில்லை. அங்கே குறித்த கேம்ப்கிரவுண்டைத் தவிர வேறெங்கும், பார்வை முனையின் பார்க்கிங்கில் காருக்குள் தூங்குவதும் கூட, கூடாது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலருக்குக் கிடைக்கும் ஆண்டு பாஸ் நுழைவுக்கு மட்டும்தான். இரவு தங்கும் கட்டணம் அதில் அடங்காது.

உங்கள் பாதையில் பலரும் கோட்டைவிடுவது மூன்றாவது வகை நிலத்தில். கேமரன் என்ற ஊரிலிருந்து பேஜ் வரையும், பேஜிலிருந்து கயென்டா வழியாக மானுமென்ட் வேலி வரையும் கிட்டத்தட்ட முழுவதும் நவஹோ பழங்குடி மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ தேசத்தின் நிலம். வெட்டவெளியாகத் தெரிகிறதே என்று மண்பாதையில் இறங்கி டென்ட் அடிக்கக் கூடாது. அது பொது நிலம் அல்ல, அம்மக்களின் வீடும் மேய்ச்சல் காடும். அங்கே தங்க வேண்டுமானால் கட்டணம் வாங்கும் முகாம்களுக்குத்தான் போக வேண்டும். மதுபானம் வைத்திருப்பதும் அங்கே குற்றம். அரசின் ஆண்டு பாஸ் மானுமென்ட் வேலியில் செல்லாது.

இடம் தேட வழி இதுதான். ஐஓவர்லேண்டர், கேம்பென்டியம் போன்ற செயலிகளில் புள்ளிகளைப் பாருங்கள், ஆனால் அவற்றை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு முன் இலவசமாக இருந்த இடம் இன்று மூடப்பட்டிருக்கலாம். மோவாப் பக்கம் அப்படி நிறைய நடந்திருக்கிறது. புள்ளி வன நிலத்தில் விழுந்தால் அந்தக் காட்டின் மோட்டார் வாகன வரைபடத்தை எடுங்கள். இலவசம்தான், அவென்சா செயலியில் இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளியைக் காட்டும். எந்தப் பாதையில் வண்டி போகலாம், பாதையிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே போய்த் தங்கலாம் என்பது அதில் இருக்கும். பிறகு அந்த வட்டார ரேஞ்சர் அலுவலகத்துக்கு வேலை நேரத்தில் ஒரு போன். இரண்டே கேள்வி: "அந்த ரோடு இப்போது சாதாரண மினிவேனுக்குப் போகுமா? நெருப்புத் தடை ஏதாவது இருக்கிறதா?" மற்ற எந்த வழியையும்விட இந்த போன் அதிகம் காப்பாற்றும்.

இனி ஒவ்வொரு இடமாக.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்கு முன் வரும் டுசாயன் ஊருக்கு வெளியே கைபாப் தேசியக் காடு. ஊரின் தென்முனையில் கிழக்கே பிரியும் வனச்சாலை 302-இல் போனால் பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவே பழைய முகாம் திட்டுகள் வரிசையாக வரும். பூங்கா வாசல் சில நிமிடத் தொலைவுதான். சாலை காய்ந்திருந்தால் மினிவேன் மெதுவாகப் போய்விடும். முதல் திட்டிலேயே நிற்காமல் இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கள்; நெடுஞ்சாலைச் சத்தமும் பிந்தி வருகிறவர்களின் ஹெட்லைட்டும் தொல்லை தராது. இந்த இடத்தின் பெரிய வசதி வேறு: பூங்காவுக்குள் மேதர் கேம்ப்கிரவுண்டை ஒட்டி உள்ள சேவை மையத்தில் காசு போட்டுக் குளிக்கலாம், துணி துவைக்கலாம். அங்கே தங்காதவர்களுக்கும் அனுமதி உண்டு. ஆக, காட்டில் தூங்கி பூங்காவில் குளிக்கலாம். தண்ணீரை மட்டும் ஃபிளாக்ஸ்டாஃபிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். பள்ளத்தாக்கைக் கடந்து வரும் பூங்காவின் குடிநீர்க் குழாய் மிகப் பழையது. அது உடைந்து கட்டுப்பாடு வருவது புதிதல்ல.

குளிரை இங்கே குறைத்து எடைபோட வேண்டாம். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். அக்டோபர் இரவு உறைநிலையைத் தொடும். "பாலைவனம்தானே" என்று வீட்டுப் போர்வையோடு வருகிறவர்கள் இரண்டு மணிக்கு எழுந்து ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கடையில் மைனஸ் 7 டிகிரி என்று எழுதிய ஸ்லீப்பிங் பேக் ஏறக்குறைய 0 டிகிரி வரைதான் சுகமாக இருக்கும். எழுதியிருப்பது பெரும்பாலும் தாங்கும் எல்லை. அதைவிட முக்கியம் கீழே விரிக்கும் பாய். காற்றடைத்த சாதாரண மெத்தை உள்ளிருக்கும் காற்றைக் குளிரவைத்து முதுகிலிருந்து சூட்டை உறிஞ்சும். ஆர்-மதிப்பு, அதாவது குளிரைத் தடுக்கும் அளவு, 4-க்குக் குறையாத பாய் வாங்குங்கள், அல்லது மெத்தைக்கு மேல் மூடிய-செல் (closed-cell) ஃபோம் ஷீட் ஒன்று போடுங்கள். பிள்ளைகள் வேனுக்குள்ளும் பெரியவர்கள் டென்டிலும் படுப்பதாக இருந்தால் வேனின் எதிரெதிர்க் கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் கண்ணாடியில் வழிந்து போர்வையெல்லாம் நனையும். குளிருக்காக உள்ளே அடுப்பு பற்றவைப்பது மட்டும் ஒருபோதும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும்.

சமையலில் உயரம் இன்னொரு வேலையும் செய்யும். 2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி நடுவில் அரிசியாகவே நிற்கும், துவரம்பருப்பு எளிதில் மசியாது. 3 லிட்டர் குக்கர் ஒன்று கொண்டுபோனால் கவலை விட்டது. ஒரு பவுண்டு பச்சை புரொப்பேன் சிலிண்டர், 10,000 பி.டி.யூ. பர்னர் ஒன்றை முழுத் தீயில் வைத்தால் சுமார் 2 மணி நேரம் வரும். நால்வர் குடும்பத்துக்குக் காலை காபி, ஒருவேளைச் சாதம், குழம்பு சுடவைப்பது என்று பார்த்தால் இரண்டு நாளுக்கு ஒன்று என்று கணக்கு வைக்கலாம். கொரியன் கடையில் கிடைக்கும் பியூட்டேன் அடுப்பு இந்தப் பயணத்துக்கு வேண்டாம். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், விடியற்காலையில் அடுப்பு எரியாது.

அடுத்தது பேஜ். நகரைத் தாண்டி யூட்டா எல்லையில் லேக் பவல் கரையோரம் லோன் ராக் பீச். இது இலவசமல்ல, கிளென் கேன்யன் பொழுதுபோக்குப் பகுதிக்குச் சேர்ந்தது. ஆனாலும் முன்பதிவு இல்லாமல் கரையிலேயே தங்கலாம். பிள்ளைகளுக்கு இந்தப் பாதையில் இதைவிடப் பிடித்த இடம் அமையாது. பிரச்சினை மணல். பார்க்கக் கெட்டியாகத் தெரியும் மேற்பரப்புக்குக் கீழே பொடி மணல், தண்ணீரை நெருங்க நெருங்க மோசம். மினிவேனை மேல்மேட்டில் கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு சாமான்களைக் கையில் தூக்கிப் போங்கள். புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். இறங்கி, முன்சக்கரங்களின் முன்னும் பின்னும் மணலைத் தள்ளி, டயர் காற்றை 35-லிருந்து 20 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கி, கால்மிதிகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் எடுங்கள். 12 வோல்ட் காற்றுப் பம்பு கையில் இருந்தால்தான் காற்றை இறக்கத் துணிவு வரும். சாலைக்கு ஏறியதும் மறுபடி நிரப்பியே ஆக வேண்டும்.

பேஜிலிருந்து கிளம்பும்போது ஒரு மணி நேரம் தொலையும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் கோடை நேரத்தை அரிசோனா கடைப்பிடிப்பதில்லை. நவஹோ தேசமும் யூட்டாவும் கடைப்பிடிக்கின்றன. செல்போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டி குழப்பும். இது முக்கியம், ஏனென்றால் மண்பாதை முகாமுக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்பு அங்கே இருப்பதாகத் திட்டமிடுங்கள். முதல் இடம் சரியில்லையென்றால் இரண்டாவது தேட அந்த நேரம் வேண்டும். இருட்டில் பள்ளம் தெரியாது, தடைப் பலகை தெரியாது, நீங்கள் நிற்பது காய்ந்த ஓடைப் படுகையிலா என்பதும் தெரியாது. மணல் சமமாக, மிருதுவாக, டென்டுக்கென்றே செய்தது போல இருக்கும் இடம்தான் பெரும்பாலும் ஓடைப் படுகை. முப்பது மைல் தள்ளிப் பெய்த மழை நீலவானத்தின் கீழே வெள்ளமாக வந்து சேரும்.

மானுமென்ட் வேலியைப் பார்த்துவிட்டு வடக்கே சான் ஹுவான் ஆற்றைக் கடந்து மெக்ஸிகன் ஹாட் ஊரைத் தாண்டினால் நவஹோ நிலம் முடிந்து பி.எல்.எம். நிலம் தொடங்கும். அங்கே இருக்கிறது வேலி ஆஃப் தி காட்ஸ். நெடுஞ்சாலை 163-க்கும் மாநிலச் சாலை 261-க்கும் இடையே 17 மைல் மண்பாதை. இருபுறமும் செம்பாறைத் தூண்கள். கூட்டமில்லாத சின்ன மானுமென்ட் வேலி. கட்டணமில்லை, பதிவில்லை. பாதையோரம் தேய்ந்த திட்டுகளில் நிற்கலாம். நிலா இல்லாத இரவில் பால்வீதி தலைக்கு மேல் தெளிவாக ஓடும். என் கணிப்பில் உங்கள் பயணத்தின் சிறந்த இரவு இங்கேதான் அமையும்.

ஆனால் இந்தப் பாதை களிமண். காய்ந்திருந்தால் மினிவேனுக்கும் போகும். 163 பக்கத்து நுழைவில் உடனே ஓர் ஓடைக் கடப்பு வரும், அங்கே இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள். நனைந்தால் எந்த வண்டிக்கும் போகாது. நான்கு சக்கர இழுவையும் உதவாது. சேறு டயரின் பள்ளங்களை நிரப்பி வழவழப்பாக்கிவிடும், வண்டி தானாகப் பக்கவாட்டில் நழுவும். மழை முன்னறிவிப்பு இருந்தால் நுழையாதீர்கள். உள்ளே இருக்கும்போது பெய்தால் கிளம்பாதீர்கள். வெயில் அடித்தால் சில மணி நேரத்தில் காய ஆரம்பிக்கும், சில சமயம் மறுநாளாகும். அதற்காகவே எப்போதும் ஒருநாள் உணவும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்பது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். கழுவ, துலக்க எல்லாம் சேர்த்து நால்வருக்கு நாளுக்கு 26 லிட்டர் கேன் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை மிரட்டினால் மாற்று இடம் பக்கத்திலேயே உண்டு: கூஸ்நெக்ஸ் மாநிலப் பூங்கா. தார்ச்சாலை உள்ளே வரை போகிறது, சிறிய கட்டணம், குழிக் கழிப்பறை உண்டு, தண்ணீர் இல்லை. ஆறு வளைந்து வளைந்து ஓடும் 1,000 அடிப் பள்ளத்தின் விளிம்பு என்பதால் சின்னப் பிள்ளைகளைக் கண்பார்வையிலிருந்து விடவே கூடாது. காற்றும் பலமாக அடிக்கும். டென்ட் ஆணி பாறையில் இறங்காது, கயிற்றைப் பெரிய கற்களில் கட்ட வேண்டும்.

வாடகை வண்டியானால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலானவை தார் இல்லாத சாலைக்கு அனுமதிப்பதில்லை; அங்கே ஏதாவது ஆனால் காப்பீடு கைகொடுக்காது. சொந்த வண்டியானால் ஸ்டெப்னி இருக்கிறதா என்று இன்றே பின்கதவைத் திறந்து பாருங்கள். பல புதிய மினிவேன்களில் டயருக்குப் பதில் ஒட்டும் திரவ டப்பாதான் இருக்கும். கூர்ங்கல் பக்கச்சுவரைக் கிழித்தால் அது பயன்படாது.

கழிப்பறை விஷயத்தைக் கூச்சப்படாமல் விரிவாகவே சொல்ல வேண்டும், இலவச இடங்கள் மூடப்படுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அதுதான். கைபாப் போன்ற பைன் காட்டில் மண் உயிரோடு இருக்கிறது. நீர்நிலை, பாதை, முகாமிலிருந்து 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குலம் ஆழத்தில் குழி தோண்டி மூடலாம். டிஷ்யூவைக் கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். யூட்டா பாலைவனத்தில் இது உதவாது. மண்ணில் ஈரமும் நுண்ணுயிரும் குறைவு, புதைத்தது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மோவாபைச் சுற்றிய பல பகுதிகளில் கழிவைப் பையில் அடைத்து எடுத்துச் செல்வது கட்டாயம். ஹோம் டிப்போவில் கிடைக்கும் 5 கேலன் வாளி, அதற்குப் பொருந்தும் உட்காரும் மூடி, ஜெல் பொடி போட்ட இரட்டைப் பை போதும். கழுவிப் பழகிய நமக்கு ஒரு சிக்கல்: பையில் விழும் தண்ணீர் ஜெல்லைச் சீக்கிரம் தீர்த்துவிடும். முனை வளைந்த பிழிபாட்டில் ஒன்று வைத்துக்கொண்டால் கால் லிட்டரில் வேலை முடியும். ஜெல் போதாவிட்டால் பூனை மணல் ஒரு குவளை சேர்க்கலாம். கட்டிய பையைச் சாதாரண குப்பைத்தொட்டியில் போடலாம். முகாம்களின் குழிக் கழிப்பறைக்குள் மட்டும் போடக் கூடாது. உறிஞ்சி எடுக்கும் லாரியின் குழாய் அடைத்துக்கொள்ளும்.

யூட்டாவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மண்மேல் கறுத்துப் பொருபொருவென்று இருக்கும் மேலோடு. அது உயிருள்ளது, காற்றில் மண் பறக்காமல் பிடித்துவைப்பது அதுதான். ஒரு காலடி பட்டால் மீள ஆண்டுகள் ஆகும். பிள்ளைகளைப் பாறைமேலும் தேய்ந்த தடத்திலும் ஓடச் சொல்லுங்கள்.

மோவாபில் இலவசத்தைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம் என்பேன். ஊரை ஒட்டிய நல்ல இடங்கள் பெரும்பாலும் கட்டண முகாம்களாகிவிட்டன, மிஞ்சியவை தூசியும் நெரிசலுமாக இருக்கும். கொலராடோ ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலை 128-இல் கூஸ் ஐலண்ட், கிராண்ட்ஸ்டாஃப், பிக் பென்ட் என்று பி.எல்.எம். முகாம்கள் வரிசையாக உண்டு. தனித்தளங்களுக்கு முன்பதிவு இல்லை, முதலில் வருகிறவருக்கு இடம். மேசையும் குழிக் கழிப்பறையும் இருக்கும், குடிநீர் இருக்காது. காலை 8 முதல் 10 மணிக்குள் போய், மூட்டை கட்டுகிறவர்களிடம் "நீங்கள் காலி செய்கிறீர்களா?" என்று கேளுங்கள், அங்கே அது மரியாதைக் குறைவல்ல. இடம் கிடைத்ததும் நாற்காலியைப் போட்டுவிட்டு நேராக வாசலில் உள்ள இரும்புப் பெட்டிக்குப் போய், உறையில் பெயர், வண்டி எண், தள எண் எழுதி, பணத்தைப் போட்டு, கிழித்த துண்டைத் தளத்தின் கம்பத்தில் செருகுங்கள். துண்டு இல்லாத தளம் காலி என்றே அடுத்தவர் எடுத்துக்கொள்வார். சில்லறை கிடைக்காது, 20, 10, 5, 1 டாலர் தாள்கள் கையில் வேண்டும். ஆர்ச்சஸ் பூங்காவுக்குள் இருக்கும் டெவில்ஸ் கார்டன் அக்டோபர் வரை ஆறு மாதம் முன்பே பதிவாகிவிடும். ஆனால் ரத்தாகும் இடங்கள் அரசின் முன்பதிவு இணையதளமான ரெக்ரியேஷன் டாட் கவ்-இல் கடைசி நாட்களில் தலைகாட்டும். அறிவிப்பை இயக்கி வையுங்கள். யூட்டா பள்ளிகளுக்கு அக்டோபர் நடுவில் வரும் வியாழன், வெள்ளி விடுமுறை வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்போது ஆற்றோரத்தில் விடியற்காலையிலேயே இடமிருக்காது.

நெடுஞ்சாலை இரவுகளுக்கு வால்மார்ட் பார்க்கிங் ஒரு வழி. அனுமதி அந்தந்தக் கடை மேலாளர் கையில், அதற்கு மேல் நகரச் சட்டம். போன் செய்து கேட்டுவிட்டு, ஓரமாக நிறுத்தி, நாற்காலி அடுப்பு எதையும் வெளியே எடுக்காமல் காலையில் கிளம்பிவிட வேண்டும். டென்ட் கிடையாது. சுற்றுலா நகரங்களின் தெருவோரத்தில் தூங்குவதற்கு இந்தச் சலுகை பொருந்தாது. நெடுஞ்சாலை ஓய்வு நிறுத்தங்களில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

போலீஸ் பற்றிய உங்கள் பயத்துக்கு: பி.எல்.எம். அல்லது வன நிலத்தில் சரியான இடத்தில் நின்றால் யாரும் எழுப்புவதில்லை. ரேஞ்சர் வந்தாலும் நெருப்பையும் கழிவையும்தான் விசாரிப்பார். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களில் 18 வயதைக் கடந்தவர்கள் அதற்கான ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். டென்டில் விட்டுவிட்டு நடக்கப் போகாதீர்கள்.

பிள்ளைகளோடு ஏழு இரவையும் இலவசத்தில் ஓட்டாதீர்கள். முதல் இரண்டு டுசாயன் காட்டில், ஒன்று லோன் ராக், ஒன்று வேலி ஆஃப் தி காட்ஸ், இரண்டு மோவாப் ஆற்றோரம் என்று வைத்து, கடைசி இரவைத் திரும்பும் வழியில் பிளான்டிங்கிலோ ஃபிளாக்ஸ்டாஃபிலோ மோட்டலில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையை ரத்து செய்யக்கூடியதாகப் பதியுங்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் அதே இரவை முன்னால் நகர்த்தி, பாதை காயும் வரை அங்கே இருந்துகொள்ளலாம்.